அரைக் கிலோமீட்டர்

ஆறு இருபதுக்கு அவளுடைய கம்பெனி பஸ்.
ஆறு நாற்பதுக்கு என்னுடையது வந்து நிற்கும்.
நடுவில் உள்ள இருபது நிமிடம்
தேஜு ஈஸ்வரம்மாவின் இட்லிக் கடையில் வளர்கிறாள்.
அங்கே தண்ணிக்கு நீள்ளு.
என்னைக் கண்டதும் தண்ணி.
இரண்டு ஊர்க் கணக்கையும் ஒன்றரை வயதில்
அவள் குழப்பிக்கொள்வதில்லை.

குழப்பம் எங்களுக்குத்தான்.

பிரமீளா வடக்கே போகிறாள்,
தடா தாண்டி, செல்போன் பூட்டும் கம்பெனிக்கு.
நான் தெற்கே, கும்மிடிப்பூண்டியில்
கம்பி உருட்டும் மில்லில் ராத்திரி ஷிப்ட்.
ஆரம்பாக்கத்தில் மாடியில் ஒற்றை அறை.
பழவேற்காட்டு உப்புக் காற்றில்
துணி காய்ந்தால் அப்பளம்போல் நிற்கும்.

போன ஆடியில் ஒருநாள் சொன்னேன்:
"நான்தான் உனக்கு ஒத்தாசை பண்றேனே."
பால்புட்டிக்குள் பிரஷ்ஷைத் திருகிக்கொண்டே கேட்டாள்:
"ஒத்தாசை பக்கத்து வீட்டுக்காரன் பண்றது.
நீ எந்த வீடு, முனிரத்னம்?"

அன்றைக்கே கோடு கிழித்தோம்.
பாத்திரம் எனக்கு. துணி அவளுக்கு.
காலை ஆய் எனக்கு, ராத்திரி ஆய் அவளுக்கு
(ராத்திரியில் நான்தான் இல்லையே).
யார் கையில் எண்ணெய் முதலில் படுகிறதோ
அவர் குளிப்பாட்டுவது.
கல் நட்டு முடித்த சர்வேயர் மாதிரி
எனக்கு ஒரு திருப்தி.

ஆனால் எங்கள் ஊருக்குத் தெரியும்:
இந்தச் சாவடிக்கும் அந்தச் சாவடிக்கும் நடுவே
அரைக் கிலோமீட்டர் ரோடு இருக்கிறது.
லாரிக்காரர்கள் அங்கே ஒதுங்குவார்கள்.
பழத்தோலும் டயர்க் கிழிசலும் கிடக்கும்.
எந்த சர்க்கார் துடைப்பமும் வராது.

வீட்டிலும் இருந்தது அது.
தடுப்பூசித் தேதி.
நகம் வளர்ந்து குழந்தை தன் கன்னத்தையே கீறும் வாரம்.
பனியன் கழுத்தில் தலை நுழையாமல் போகும் மாதம்.
சிங்க் வலையில் சிக்கிய சோறு.
ஈஸ்வரம்மா மகளுக்கு அம்மை போட்டிருக்கிறதே,
நாளைக்கு இவளை எங்கே விடுவது?
யார் பங்கிலும் இதையெல்லாம் எழுதவில்லை.
கூட்டிக்கொண்டிருந்தது யாரென்று
நான் பார்க்கவுமில்லை,
சுத்தமாக இருந்ததால்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி, ஒண்ணே கால்.
பழுக்கக் காய்ந்த கம்பி
உருளைக்குள்ளிருந்து பாய்ந்து வந்துகொண்டிருந்தது.
சம்பந்தமே இல்லாமல் தலைக்குள்:
கேவுரு ஊறப் போடவில்லை.
யாரும் சொல்லவில்லை. எங்கும் எழுதியில்லை.
எனக்கே வந்த நினைப்பு.
புல்லரித்துப் போய் வெளியே ஓடி போன் போட்டேன்.

நாலாவது ரிங்கில் எடுத்தாள்.
என் பெருமையைக் கேட்டாள்.
சுவிட்ச், டப்பா மூடி, தண்ணீர்.
கூடவே தேஜு முழித்துக்கொண்டு அழுகிற சத்தம்.
"ஞாபகம் உனக்கு வந்துச்சு," என்றாள்,
"எழுந்தது நானு."
வைத்துவிட்டாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும்.

மறுநாள் கிளம்பும்போது
சோற்று டப்பாவின் மேல்தட்டில்
இரண்டு பிடி கேவுரு போட்டுக்கொண்டேன்.
சாப்பாட்டு மணி அடித்ததும்
மில் குழாயடியில் மூன்று முறை அலசி ஊற வைத்தேன்.
கிரேன் ஓட்டும் ஒடியாக்காரப் பையன் எட்டிப் பார்த்து
முளைக்குமா என்றான்.
அரைக்கணும், பால் எடுக்கணும், குழந்தைக்கு என்றேன்.
அவன் ஊரில் இதற்கு என்ன பேர் என்று சொன்னான்.
மறந்துவிட்டேன்.

காலை பஸ்ஸில் மடியில் டப்பா.
எளாவூர் வேகத்தடையில் வண்டி குதிக்க
மூடி கசிந்து தொடை பூராவும் பழுப்பு.
பக்கத்து சீட்காரர் ஒரு தடவை பார்த்தார்,
ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

பிரமீளாவின் பஸ் போயிருந்தது.
இட்லிக் கடை பெஞ்சில் தேஜு
தெலுங்கில் உட்கார்ந்திருந்தாள்.
என் ஈரப் பேண்ட்டைத் தொட்டாள்,
விரலை முகர்ந்தாள்,
இதை எந்தப் பாஷையில் சொல்வதென்று
முதல் தடவையாக யோசித்தாள்.