இடுப்புக்கு மேலே

செண்பகா நகரில் முடிகிற தார்
குறிஞ்சி அவென்யூவில் செம்மண்ணாகத் தொடர்கிறது.
நடுவில் கோடு ஒன்றும் கிடையாது,
ஓர் இளநீர்க் கடை இருக்கிறது.
கடைக்காரர் உட்காரும் ஸ்டூல் புதுச்சேரியில்,
சீவிப்போட்ட மட்டைகள் தமிழ்நாட்டில்.

ஆளுக்கொரு பக்கம் வீடு பார்த்து வைத்திருந்தோம்.
கலிவரதனுக்குப் பட்டானூர்ப் பக்கம்:
எட்டு லட்சம் குறைவு, மேட்டு நிலம்,
போர்த் தண்ணீரில் பால் திரியவில்லை என்று
பிளாஸ்க்கில் பிடித்துவந்து
டீ போட்டுக் குடித்தே காட்டினார்.
எனக்கு லாசுப்பேட்டை ஓரம்.
ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடிந்தால்
பன்னிரண்டாவது நிமிடம் படுத்துவிடலாம்.
இதை நான் வெளியே சொல்லவில்லை.
வெளியே சொன்னது அனிச்சாவின் காலேஜ் சீட்.

புதுச்சேரிப் பிள்ளைக்குத்தான் புதுச்சேரிக் கோட்டா.
தெருவைத் தாண்டிக் குடிபோனால்
ரேஷன் கார்டோடு நாங்களும்
வானூர் தாலுகா ஆகிவிடுவோம்.
"நாப்பதடி ரோடும்மா" என்றார் புரோக்கர் ஆரோக்கியராஜ்,
"பசங்க அடிக்கிற பந்து அங்கயும் விழுது, இங்கயும் விழுது."
பந்திடம் யாரும் குடியிருப்புச் சான்றிதழ் கேட்பதில்லை.

ஆறு ஞாயிறு இப்படியே போனது.
ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல்
ராத்திரி பத்தரைக்கு ஸ்கூட்டியில் போய் நின்றேன்.
அந்தப் பக்கம் கரண்ட் இல்லை.
இந்தப் பக்கத்து வெளிச்சத்தில் நின்றபடி
இருட்டுக்குள் யாரோ அட்டையால்
குழந்தைக்கு விசிறுவதைக் கேட்டேன்.
அடுத்த முறை போனபோது
இந்தப் பக்கம் இருட்டு.
ஆக, அதிலும் முடிவாகவில்லை.

புது வீடு வாயைத் திறப்பதில்லை.
ஸ்டிக்கர் உரிக்காத கண்ணாடி,
யாரும் இன்னும் அழாத படுக்கையறை,
பெயின்ட் வாசனை.
சுவரைத் தட்டினேன், குழாயைத் திறந்தேன்,
ஃப்ளஷ்ஷை இரண்டு தடவை அழுத்தினேன்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.

அதனால் பக்கத்து வீட்டில் போய்த் தண்ணீர் கேட்டேன்.
பத்து வருஷமாக இருக்கிறார்களாம்.
"மழைக்கு எப்படிங்க இங்க?"
அந்த அம்மா பதில் சொல்லவில்லை.
சுவரில் ஏனோ தாழ்வாகத் தொங்கிய காலண்டரைத்
தூக்கிக் காட்டினார்.
பின்னால் பழுப்பாக ஒரு கோடு,
என் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே.
"மேட்டுத் தண்ணி மொத்தமும் இங்கதான் இறங்கும்.
ஃப்ரிட்ஜைத் தூக்கிக் கட்டில் மேல வச்சோம்.
மத்தபடி நல்ல ஏரியா."
கையை விட்டதும்
வேளாங்கண்ணி மாதா இறங்கிவந்து
கோட்டை மறைத்துக்கொண்டாள்.

வீட்டில் வந்து சொன்னேன்.
ஜெயித்த முகத்தை மறைக்கத் தெரியாமல்
கலிவரதன் டிவி சத்தத்தைக் கூட்டினார்.
கெமிஸ்ட்ரியிலிருந்து நிமிராமலேயே அனிச்சா,
"எந்த ஸ்டேட்டா இருந்தாலும் ஜன்னல் ரூம் எனக்கு."

அன்றைக்கு எனக்குத் தூக்கமில்லை, கணக்குப் போட்டேன்.
பிரைவேட் காலேஜ் ஃபீஸ் ஒரு பக்கம்,
எப்போதோ வரப்போகும் முழங்கால் தண்ணீர் ஒரு பக்கம்.
எட்டு லட்சத்தை எடுத்து எங்கே வைத்தாலும்
கணக்கு அந்தப் பக்கமே சாய்ந்தது.
கடைசியில் யாருக்கும் தெரியாமல்
அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை வைத்தேன்.
எந்த பேங்கும் அதற்கு லோன் தராது.

பத்திர ஆபீசில் கையெழுத்துக்கு முன்
கலிவரதன் காதருகே குனிந்து கேட்டார்,
"தெரிஞ்சே இறங்குறோமா?"
பேனா எழுதவில்லை. உதறினேன்.
"தெரிஞ்சேதான்."

நேற்று எலக்ட்ரீஷியனை வரவழைத்து
தரையோரத்து பிளக் பாயிண்ட் எல்லாவற்றையும்
இடுப்புக்கு மேலே ஏற்றச் சொன்னேன்.
புதுச் சுவரைக் கொத்த அவருக்கு மனசே வரவில்லை.
உளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்,
"சின்னப் பிள்ளை இருக்காம்மா வீட்ல?"

"ஆமா" என்றேன்.
"பதினாறு வயசு."