கணக்கில் வராத இரவு

எங்கள் படகு நிற்பது செந்தோசா கோவில்.
எழுதிப் பார்த்தால் சாமி இருக்கும் இடம் மாதிரி.
தேர் மாதிரித்தான் அதுவும்:
ஐம்பத்தெட்டு மீட்டர் வெள்ளை, மூன்று அடுக்கு,
வருடத்தில் நாலு முறை வெளியே வரும்.
மற்ற நாளெல்லாம் துடைப்பு.
காலை ஆறரைக்கு, வெயில் உப்பை ஒட்டவைக்குமுன்
மான்தோல் துணியால் கைப்பிடிகள்,
பிறகு தேக்குத் தளம், பிறகு மறுபடி கைப்பிடிகள்.

அதிகாரி ஆக வேண்டுமென்றால் கடல்நாள் காட்ட வேண்டும்.
எந்திரம் ஓடி, கரை விலகி,
நாலு மணி நேரமாவது நகர்ந்தால் ஒரு நாள்.
கட்டிக் கிடந்தால் இல்லை.
நங்கூரமிட்டு விருந்து நடந்தால் இல்லவே இல்லை.
மூன்று வருடத்தைத் தரையில் பரப்பி எண்ணினேன்:
இருநூற்றுப் பதினொன்று.
மீதிக்காக, விடுப்பெடுத்து,
யாரோ ஒருவரின் படகை மாலத்தீவுக்கும்
இன்னொருவரின் படகை அங்கிருந்தும்
சம்பளமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

இரவுகளில் ஈசூன் வீட்டு நடைவழியில் நின்று
விளக்கு விதிகளை மனப்பாடம் செய்தேன்.
இடம் சிவப்பு. வலம் பச்சை.
எதிர் புளோக்கில் ஒன்பதாம் மாடியிலும் பத்தாம் மாடியிலும்
சீனர் வீட்டுப் பூசை விளக்குகள்,
சிவப்புக்கு மேல் சிவப்பு.
கட்டுப்பாடு இழந்த கலம் என்று
மனசுக்குள் ஒதுங்கி வழிவிட்டேன்.

வாய்மொழித் தேர்வு.
கேப்டன் சியா மேசையில் கறுப்புப் பலகை வைத்தார்.
அதுதான் கடல்.
காந்தப் பொட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டினார்.
செங்குத்தாக மூன்று வெள்ளை.
கீழே ஒரு சிவப்பு.
வெகுதூரம் தள்ளி, மங்கலாக, தனியாக
இன்னொரு சிவப்பு.
"மிஸ் ஷர்மினி, நடுவில் என்ன இருக்கிறது?"

நடுவில் பலகைதான் இருந்தது.

போன மார்ச், லாசரஸ் தீவோரம்.
முதலாளியின் மருமகனுக்குப் பிறந்தநாள்.
சின்னப் படகில் வெளிக்கடலை ஒரு சுற்று சுற்ற வேண்டும் என்றார்.
ஓட்டியது நான். ஆறு பேர், ஒருத்தி மடியில் கேக்.
அதே மூன்று வெள்ளை. அதே சிவப்பு.
"ரெண்டு கப்பலுக்கும் நடுவுல பூந்து போ,
எவ்வளவு இடம் கிடக்கு!"
நான் எந்திரத்தை அணைத்தேன்.
சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.
அவர் கத்தியதில் பாதி எனக்குப் புரியாத மொழி.
மீதி புரிந்தது.

இழுவைப்படகு போயிற்று.
பின் ஒன்றுமில்லாத இருட்டு, நெடுநேரம்.
அந்த இருட்டு திடீரென்று தண்ணீரைக் கிழித்து
மேலே வந்தது: தொடை கனத்தில் இரும்பு வடம்.
விறைத்து, சொட்டி,
மறுபடி உள்ளே இறங்கிக்கொண்டது.
அப்புறம்தான் மணல் மலையைச் சுமந்த மிதவை
சத்தமே இல்லாமல்.
கேக்கை யாரும் வெட்டவில்லை.

மறுநாள் கேப்டன் மர்ரே
எல்லார் முன்னும் என்னைத் திட்டினார்,
விருந்தினரிடம் மரியாதை பற்றி.
யாருமில்லாதபோது தோளைத் தட்டினார்.
பணிப்பதிவில் எழுதியது: நங்கூரம்.
கடல்நாள், பூஜ்யம்.

"வடம்" என்றேன். "இருநூறு மீட்டருக்கு மேல்.
குறுக்கே போகக் கூடாது.
மிதவையின் பின்பக்கம் போகும்வரை நிற்பேன்."
"புத்தகத்திலா படித்தீர்கள்?"
"படித்தேன். பிறகு ஈரமாகப் பார்த்தேன்."
தேதி கேட்டார். சொன்னேன்.
என் பதிவுகளைப் புரட்டினார்.
"அந்த நாள் இங்கே இல்லையே."
"இருக்காது சார்."
இன்னும் நாற்பது நிமிடம் கேள்விகள்;
மூடுபனியில் ஒன்றைத் தவறவிட்டேன்.
கடைசியில், மணி என்ன என்று சொல்வதுபோல,
தேர்ச்சி என்றார்.

கீழே கோப்பிக் கடையில்
கோப்பி ஓ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.
கைப்பேசியில் ரெனாட்டோ:
நாளை ஆறரை. மான்தோல் துணி தீர்ந்துவிட்டது,
வரும்போது வாங்கி வா, ஆபீசர்.

ஆறு வாங்கினேன்.
ரசீதைத் தேர்ச்சிக் கடிதம் இருந்த உறைக்குள்ளேயே வைத்தேன்.
அதற்கான காசை மட்டும்
எப்போதும் சரியாகத் தந்துவிடுவார்கள்.