தண்ணீர் எடை

மாட்டோ குரோசோவில் மழை பிந்திய ஆண்டு.
புல் கணுக்காலைத் தாண்டவில்லை.
இவொனெச்சி சமையல் மேசையில் கணக்கெழுதுகிறாள்:
உப்புக்கட்டி, வேலிக்கம்பி, உண்ணி மருந்து,
வங்கித் தவணை.

ஹெக்டேருக்கு ஒரு மாடு,
மாட்டுக்கு மூன்று வருடம்.
மூன்று வருடப் புல்லின் விலையை
ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்
லாரியோடு வந்த ஜெனேசியு.
நேற்றையதைவிடக் குறைவு.

விற்காமல் வைத்திருந்தால்
வறட்சி தின்னும், கிலோ கிலோவாக,
ரசீது தராமல்.

தராசுக் கூண்டில் ஏறுமுன்
நூற்றுப்பதினேழாம் எண்
தொட்டியருகே நின்றுவிட்டது.
குடிக்கிறது,
மூக்கு முழுக,
உலகத்து நேரமெல்லாம் தன்னுடையதுபோல.

ஜெனேசியு கடிகாரம் பார்க்கிறான்.
அவள் விரட்டவில்லை.
குடிக்கட்டும்.
இருபது லிட்டர், இருபது கிலோ.

மூன்று வருடத்தில்
இருவரும் சேர்ந்து செய்யும்
ஒரே திருட்டு.