நாலாவது கட்டம்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்.
மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது
பார்கவி டீச்சர் துண்டுச்சீட்டு கொடுப்பார்.
சீட்டில் மூன்று கட்டம்:
அடுத்தவருக்குச் சொல்லித் தருவேன்.
தனியாகப் போடுவேன்.
யாராவது உதவணும்.
பேர் எழுத வேண்டாம் என்பார்.
எங்கள் கையெழுத்து அவருக்குத் தெரியும்,
தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும்.

மாதேஷ் எப்போதும் முதல் கட்டம்.
அவன் போடும் கணக்கில் பாதி தப்பு.
ஹம்சவேணி எப்போதும் மூன்றாவது.
மீதிப் பாதியை அவன் சரியாகப் போடுவதே
அவள் நோட்டைப் பார்த்துத்தான்.
ராயக்கோட்டைக்கு மேற்கே எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில்
ஏழாம் வகுப்பு இப்படித்தான்
தன்னைத் தானே நிறுத்துக்கொண்டிருந்தது,
எடைக்கல் இல்லாத தராசில்.

அந்த வாரம் முழுக்கள்.
மைனஸைக் கழித்தால் பிளஸ்.
பத்துக் கணக்கு, எனக்குப் பத்தும் சரி.
இரண்டு கோடு பக்கத்தில் பக்கத்தில் வந்தால்
ஒன்றை நிமிர்த்தி இன்னொன்றின் மேல் வை, கூட்டு.
கைக்குத் தெரிந்துவிட்டது.
எனக்குத் தெரியவில்லை.
இதற்கு டிக் எங்கே?

பைகளை மூடும் சத்தம். வெளியே பஸ் ஹாரன்.
மூன்றாவது கட்டத்துக்குக் கீழே
ஸ்கேல் வைக்காமல் கோணலாக ஒன்று வரைந்தேன்.
உள்ளே எழுதினேன்:
விடை சரி. ஏன் என்று தெரியாது.

சனிக்கிழமை இருட்டோடு மண்டிக்குப் போனோம்,
அப்பாவும் நானும் நாற்பது கிரேட் தக்காளியும்.
கிரேட் எழுபதுக்குப் போனது.
சிட்டையின் பின்பக்கத்தில் கணக்கு போட்டது நான்தான்.
இரண்டாயிரத்து எண்ணூறு.
கமிஷன் இருநூற்றெண்பது.
பறிப்புக் கூலி ஆயிரத்து இருநூறு.
மருந்துக்கடைப் பாக்கி ஆயிரத்து முந்நூற்று இருபது,
கடைக்காரரே மண்டிக்கு வந்து நின்றார்.
மிச்சம் சைபர்.
வண்டி வாடகை எண்ணூற்று நாற்பது இன்னும் தரவில்லை.
ஒரு மைனஸ் போட்டு எழுதினேன்,
அப்பாவுக்குத் தெரியாத மாதிரி சின்னதாக.

கெம்பண்ணா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி
அந்தச் சிட்டையை எட்டிப் பார்த்தார்.
இந்த நடை எனக்கு வேணாம், விடு,
என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

மைனஸ் எண்ணூற்று நாற்பதிலிருந்து
மைனஸ் எண்ணூற்று நாற்பது கழிந்தது.
யாரும் எதுவும் தராமலே
எண்ணூற்று நாற்பது கூடியது.
எனக்குப் புரிந்துவிட்டது,
அங்கேயே, கொட்டிய பழத்தை மாடு மேயும் இடத்தில்.
அப்பாவிடம் சொல்ல வாய் திறந்தேன்.
கூடித்தான் இருந்தது.
கூடி வந்து நின்ற இடம் பூஜ்ஜியம்.

டீ குடிக்கிறியா என்றார்.
வேண்டாம் என்றேன். வேண்டியிருந்தது.

அடுத்த வெள்ளி, சீட்டில் நாலு கட்டம்.
நாலாவதுக்குத் தலைப்பு இல்லை.
டீச்சர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை,
என் பக்கம் பார்க்கவும் இல்லை.

சீட்டு வாங்கி அடுக்கும் முறை அன்று என்னுடையது.
பார்க்கக் கூடாது. பார்த்தேன்.
போர்டுல வெயில் அடிக்குது, பாதி தெரியல: இது மாதேஷ்.
தெரியும், எழுந்து நின்னா மறந்துடும்: ஹம்சவேணி.
புதன் வரல, அம்மா மாங்கூழ் கம்பெனிக்குப் போச்சு,
பாப்பாவ நான் பாத்துக்கிட்டேன்.
ஒருவன் வெறுமனே ஆடு வரைந்திருந்தான், நன்றாக இருந்தது.
இன்னொரு சீட்டு, யாருடைய கையெழுத்தென்று இன்றுவரை தெரியாது:
நான் மூணாங் கிளாஸ் வகுத்தல்லயே நிக்கிறேன்.
அதை மட்டும் நடுவில் செருகிவைத்தேன்.

என் சீட்டு கடைசி.
முதல் கட்டத்தில் டிக் போட்டேன், முதல் தடவையாக.
அடுத்தவருக்குச் சொல்லித் தருவேன்.
நாலாவதில், இடம் போதாமல் ஓரத்தில் ஏறி இறங்கி:
உதாரணம் மட்டும் கேட்கக் கூடாது.