சாமிதுரை மற்றும் பிறர், 2009

வெள்ளிக்கிழமைக்குள் படிவம் போயாக வேண்டும்.
பேராசிரியர் பதவிக்கு எண்கள் கேட்கிறார்கள்:
எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள்,
எச்-இண்டெக்ஸ் எவ்வளவு.
எழும்பூர் நூலகத்தின் இரண்டாம் மாடியில்,
ரயில் அறிவிப்புகளுக்கு நடுவே,
கணினியில் என்னைத் தேடுகிறேன்.
மூன்று பேர் கிடைக்கிறார்கள்.

எஸ். ஹெப்சிபா. படிக்கிற காலத்து நான்.
சுண்ணாம்புப் பொட்டலம் பிதுங்கிக்
கண்ணில் தெறித்த பதினெட்டுப் பிள்ளைகளைப் பற்றி
ராத்திரி ராத்திரியாக எழுதியது.
மேற்கோள் மூன்று.
அதில் ஒன்று நானே காட்டியது.

ஹெப்சிபா ஜெபராஜ். இரண்டே கட்டுரை.
திருமணமும் ஏறக்குறைய
அவ்வளவு பக்கம்தான்.

மூன்றாவது ஆள் எச். சாமிதுரை.
குடும்பப் பெயர் என்ன என்று கேட்ட கட்டத்தில்
வேறென்ன எழுதுவது, இனிஷியலை விரித்து
அப்பாவைப் போட்டேன்.
அன்று முதல்
அயனாவரம் பணிமனை நடத்துநர், எட்டாம் வகுப்பு,
லிஸ்பனிலும் லாகோஸிலும்
இருநூற்றுப் பன்னிரண்டு முறை
மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறார்.
'சாமிதுரை வாதிடுவது போல' என்கிறது ஒரு கட்டுரை.
அப்பா வாதிட்டதெல்லாம்
ஐம்பது காசுச் சில்லறைக்கு.

கோள் என்றாலே
ஆள் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிச் சொல்வதுதானே.

பெரிய கண்டுபிடிப்பும் இல்லை அது.
நோயில்லாத கண்ணில் கார்னியா எவ்வளவு தடிமன்,
இந்த ஊரில், நூற்றிருபது பேரிடம் அளந்தது.
நோயைப் பற்றி எழுதுகிற எல்லோருக்கும்
நோயில்லாத ஓர் எண் வேண்டியிருக்கிறது.
எடுத்துப் போகிறார்கள்,
விசேஷத்துக்குப் பக்கத்து வீட்டு நாற்காலி போல.

அப்போது ஆள் குறைந்தது.
வார்டு ஊழியர், கேன்டீன் மாஸ்டர், அவர் மச்சான்,
கடைசியில் டூட்டி முடித்த காக்கிச் சட்டையோடு அப்பா.
தாடையைக் கருவியில் வைத்தார்.
சிமிட்டாதீங்கப்பா என்றேன்.
"ஃபுட்போர்டுல தொங்குறவனப் பாத்துப் பாத்து
சிமிட்டவே மறந்துபோச்சு" என்றார்.
நபர் எண் நாற்பத்து நான்கு. இயல்பு.

மூவரையும் ஒருவராக்க ஒரு பொத்தான் இருக்கிறது.
ஒன்பது, ஆறு, இரண்டு.
கூட்டினால் பதினேழு வராதாம், பதினொன்றுதான்.
டிப்போவில் இப்படிக் கணக்குக் கொடுத்திருந்தால்
பை ஆறு குறைகிறதே என்று
கேஷியர் அவரை விடியும்வரை உட்காரவைத்திருப்பார்.

அழுத்தப் போன நேரத்தில் ஒரு மின்னஞ்சல்.
அடிஸ் அபாபா, ஆராய்ச்சி மாணவர்.
மதிப்பிற்குரிய திரு சாமிதுரை,
பின்னிணைப்பில் நாற்பத்து நான்காம் நபர்:
வலது ஐந்நூற்று முப்பத்தெட்டு மைக்ரான்,
இடது நானூற்று எண்பத்தொன்று.
அச்சுப் பிழையா?

இருநூற்றுப் பன்னிரண்டு பேரும்
சராசரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.
இவர் அட்டவணையைப் படித்திருக்கிறார்.

இரும்பு அலமாரி, ஈரம் குடித்த பதிவேடு,
என் கையெழுத்து.
நானூற்று எண்பத்தொன்று.
பிழை அச்சில் இல்லை.

அப்பாவைக் கூப்பிட்டேன்.
இடது கண்ணைத் திரும்ப அளக்கணும், நாளைக்கு முடியுமா?
"பாஸ் இருக்கு, இருபத்துமூணு சி-ல வந்துடறேன்."
கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.
"அது அப்பவே மங்கல்தாம்மா.
சுவத்துல இருந்த எழுத்த
வலது கண்ணால மனப்பாடம் பண்ணிச் சொன்னேன்.
ஆள் கொறையுதுன்னு
ரெண்டு நாளா நீ சாப்பிடல."