உப்புப் பிடித்தல்

எங்கள் அலுவலகத்தில் அதற்கு
'உப்புப் பிடிக்கிறது' என்று பெயர்.
வைத்தவன் மயூரதன், சேர்வர் பார்க்கிறவன்.
கொள்ளுப்பிட்டி, மரைன் டிரைவ், ஆறாம் மாடி.
போட்டு எட்டு மாதத்தில் ஏசிப் பெட்டி துருவாய் உதிர,
திருத்த வந்தவன் சொன்னானாம்:
"கடல் பார்த்த அறை, சேர். ஒண்டும் செய்ய ஏலாது."

ஜெரோமின் அறையும் கடல் பார்த்ததுதான்.
ஆறு வாரம் கேட்க உள்ளே போனவர்கள்
மூன்றுக்குத் தலையாட்டிவிட்டு வருவார்கள்.
"உனக்குமா?" என்போம்.
நுஸ்ரத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள்.
பதில் அவ்வளவுதான்.

அவர் சத்தம் போடுவதில்லை.
கதிரையை இழுத்து உங்கள் பக்கமாகவே வந்து உட்காருவார்,
மேசைக்கு அந்தப் பக்கம் ஆளே இராது.
பிறகு மெதுவாக,
உங்கள் சந்தேகத்துக்காகத் தான் வருந்துவதுபோல:
"ஏன் ஏலாது?"

ஏன் ஏலாது என்று
அந்த அறைக்குள் ஒருவருக்கும் ஞாபகம் வருவதில்லை.

வைகாசியில் நானும் போனேன்.
கைப்பையில் விலகல் கடிதம், இரண்டு தாள், ஒரு பின்.
பதினைந்து நிமிடம்.
வெளியே வந்தபோது சோதனைப் பிரிவு முழுவதும் என் தலையில்,
திறந்து கிடக்கும் இருநூற்றுப் பதினான்கு பிழைகளோடு;
வங்கிக்காரருக்கு இருபதாம் திகதி என்று வாக்கு.
சம்பளம்? கேட்க மறந்துவிட்டேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னவர்கள்
எவ்வளவு உப்பு என்று சொல்லவில்லை.

ரயிலில் தொங்கிக்கொண்டே கணக்குப் பார்த்தேன்.
பம்பலப்பிட்டி வரை நாட்கள் போதுமாக இருந்தன.
வெள்ளவத்தையில் சனி ஞாயிறையும் சேர்க்கவேண்டி வந்தது.
தெஹிவளையில் இறங்கிக் குடையைத் தேடினால்
கையில் அகப்படுகிறது கடிதம்.

(மொறட்டுவைக்காரருக்கு வீடு போகுமுன் சுகமாகிவிடும்,
கொழும்பு மூன்றில் இருக்கிறவர்கள்தான் பாவம்
என்பான் மயூரதன்.)

சொல்லக் கூசுகிறது, ஆனாலும்:
இருபதாம் திகதி இரவு பதினொன்று நாற்பதுக்கு
அது ஓடியது.
பிழை இல்லாமல் அல்ல. ஓடியது.
கொத்து ரொட்டிப் பார்சல்களுக்கு நடுவே
லக்மாலி அழுதாள்,
நான் மேசையில் ஏறி நின்று கத்தினேன்.
அவர் சொன்னது பொய்தான்.
பதினேழு பேர் தூங்காமல் இருந்து
அதை உண்மையாக்கிக் கொடுத்தோம்.

கடிதம் இன்னும் பைக்குள்.
பின் துருப்பிடித்து
'அன்புடையீர்' மேல் ஒரு பழுப்புக் கறை.

நேற்று, புதிதாகச் சேர்ந்த யதுர்ஷன்
மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்தான்.
"அக்கா, இது ரெண்டு கிழமைக்குள்ள ஏலாது."

நான் எழும்பி
கதிரையை இழுத்து
அவன் பக்கமாகப் போட்டேன்.