பதினோரு டாலர்

கார் கொட்டகை வாசலில் விற்பனை.
ஒற்றை ஊன்றுகோல், திரைச்சீலைக் கம்பிகள் மூன்று,
அவற்றோடு சாய்ந்து, தானும் ஒரு கம்பிதான் என்பதுபோல்
தேன் நிறத்தில் ஏழரை அடி.
"பதினோரு டாலர்" என்றாள் அந்த அம்மாள்.
"திரைக்கம்பி வேண்டுமானால் சும்மா எடுத்துக்கொள்."
என் வீட்டு ஜன்னல்களுக்குத் திரை கிடையாது.
கோலை மட்டும் எடுத்தேன்.

விஸ்கான்சினில் பால் லாரி ஓட்டுகிறவளுக்கு
மதியம் இரண்டு மணியோடு வேலை தீரும்,
பகல் தீராது.
ஓடைக்கரையில் வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
கண்ணாடியிழைக்குள் வெளிச்சம் இறங்கியது.
வெறும் குழல். ஊதினால் ஓசை வருமோ?
ஊதிப் பார்த்தேன், வந்தது.
பிடியின் தக்கையில் ஒரு கட்டைவிரல் பள்ளம்
என் விரலைவிட அகலம்.
அதன் மேலே வெள்ளை மையில்
எல். ஹெக்ஸ்டாட், 1968.
நான் பிறக்க இன்னும் பதினோரு வருடம் இருந்தது அப்போது.
வருடத்துக்கு ஒரு டாலர்.

முதல் வாரம் என் அவசரம் அதற்குப் பிடிக்கவில்லை.
என் கிராஃபைட் கோல் சொன்னதைச் செய்யும்,
சில சமயம் சொல்லுமுன்பே.
இதுவோ, பின்னால் போன கயிறு
முழுதாக நீண்டு முடிக்கும்வரை
நகர மாட்டேன் என்றது.
நான் இழுத்தேன்.
கயிறு சுருள் சுருளாய் என் தொப்பிமேல் கொட்டியது.
போகப் போகப் பிடிபட்டது:
லாரிச் சாவியை எங்கே வைத்தேன் என்று
ஒருமுறை நினைத்துப் பார்க்கும் நேரம்
பின்வீச்சில் காத்திருக்க வேண்டும்.
அப்புறம் அடிவரை வளைந்து, கையில் தளும்பி,
இறகு ஈயை நீர்மேல்
எறியாது, வைக்கும்.

இன்னொன்று. இந்தக் கோல் பொய் சொல்லும்.
ஏழங்குல டிரவுட் கவ்வினாலும்
ஓடையையே இழுத்துக்கொண்டு ஓடும் ஏதோ என்று
முழங்கைவரை நடுங்கிக் காட்டும்.
கரைக்கு வந்தால் ஒரு சாண்கூட இல்லை.
மீனை விட்டுவிடுவேன்.
பொய்யை வைத்துக்கொள்வேன்.

ஜூன் மாதம், மஞ்சள் மேஃபிளைகள் எழும் அந்தி.
பாலத்தில் ஒரு பிக்கப் நின்றது.
இறங்கியவர் ஓடையைப் பார்க்கவில்லை,
மீனையும் பார்க்கவில்லை.
"அதைக் கொஞ்சம் கொடேன்" என்றார்.
கொடுக்குமுன்பே தெரிந்துவிட்டது எனக்கு.
கட்டைவிரல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது
கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வருகிறவர்போல்.

"இணைப்புக்குக் கீழே ஒரு கீறல் உண்டு.
எண்பத்தொன்றில் லோவாவின் நகச்சாயம் பூசி அடைத்தேன்.
ஒரு மாதம் தேடினாள் அந்தக் குப்பியை."
அந்தச் சிவப்புப் புள்ளியை
தொழிற்சாலை வைத்த அலங்காரம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.
நாக்கு நுனிவரை வந்தது, அங்கேயே நின்றது.
"ஒரு வீச்சு வீசுகிறீர்களா?" என்று மட்டும் கேட்டேன்.
தோளைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தார்.
கோல் என் கைக்குத் திரும்பியது, தக்கையில் அவர் சூடு.

கதவைத் திறந்தவர் ஏறவில்லை.
"என்ன விலைக்குக் கொடுத்தாள்?"

பாலத்தின் அடியில் தண்ணீர்
கல்லைச் சுற்றிக்கொண்டு போனது.

"தொண்ணூறு" என்றேன்.
"நூறு சொன்னார்கள். நான்தான் பேரம் பேசினேன்."

"நூறா?" என்றார்.
சட்டைக் காலரை இழுத்து நேராக்கிக்கொண்டார்.
"லோவா நூறு கேட்டாளா?"

வண்டியின் பின்விளக்கு சோளக்காட்டு வளைவில் மறைந்ததும்
எதிர்க்கரை நிழலில் ஒரு மீன் எழும்பியது,
பெரிது, கோல் சொல்லாமலே பெரிது.
வீசினேன்.
காத்திருக்க மறந்தேன்.
கயிறு மொத்தமும் தொப்பிமேல்.